கடலைப் புளிப்பு

சாமித்துரை இருபத்தொன்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை வழியாகச் சங்கரன்கோவிலுக்குப் போகும் வண்டியில் ஒரு நாளைக்கு ஐநூறு பேரிடமாவது வாய் கொடுத்திருப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் இந்த மார்கழியில் ஒரு சாயங்காலம், காலையில் எழுந்ததிலிருந்து தான் என்னென்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தார். பால்காரரிடம் "நாளைக்கு அரை லிட்டர் கூடப் போடுங்க" என்றது ஒன்று. அவரைக்கொடியில் ஏறிக்கொண்டிருந்த எறும்பைப் பார்த்து "அங்கிட்டுப் போ" என்றது இன்னொன்று. எறும்பிடம் பேசியதையும் பேச்சில் சேர்க்கலாமா என்பதில் அவருக்கே சந்தேகம்தான்.

மனைவி செண்பகவல்லி பெங்களூருக்குப் போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. மகள் சத்யபிரியா பிள்ளை பெற்றாள். மூன்று மாதம் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று செண்பகவல்லி ஒரு பையோடு போனாள். மகளுக்கு லீவு முடிந்தது. மருமகன் சக்திகுமாருக்கும் வேலை. குழந்தை யாழினியை யார் பார்ப்பது? மூன்று மாதம் ஆறு மாதமாகி, பிறகு ஒரு வருஷமாகி, "யாழினிய ஸ்கூல்ல சேக்குற வரைக்கும்" என்று இப்போது வந்து நிற்கிறது. இப்படிப் பெண்டாட்டியைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தானே சோறு வடித்துச் சாப்பிடுகிற ஆண்பிள்ளைகள் இன்றைக்குத் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். யாரும் அவர்களுக்காகப் பரிதாபப்படுவதில்லை. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்களே, இதில் பரிதாபப்பட என்ன இருக்கிறது என்பார்கள்.

நீரும் கூடப் போய் இருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். போனார். ஒன்பதாவது மாடியில், ஹாலில் சோபாவில் படுத்துக்கொண்டு, காலை எங்கே நீட்டினாலும் யாராவது தாண்டிப் போகிற மாதிரி பதினைந்து நாள் இருந்தார். பிறகு வயலைப் பார்க்கணும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். வயலை விற்று ஆறு வருஷம் ஆகிறது. பொய் என்று செண்பகவல்லிக்கும் தெரியும்.

செண்பகவல்லியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏசாமல் அவளுக்குப் பொழுது விடியாது. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் சாமித்துரை செய்த ஒரு காரியத்தையாவது "சரி" என்று அவள் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. கத்திரிக்காய் வாங்கி வந்தால் முற்றல். சட்டையைக் காயப்போட்டால் வெயில் இல்லாத பக்கம். கதவைப் பூட்டினால், பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. டியூட்டிக்குக் கிளம்பிப் பஸ் ஏறினால்தான் அந்தக் காலத்தில் அவருக்கு நிம்மதி. அவள் பெங்களூர் போன முதல் வாரம், உண்மையைச் சொன்னால், அவர் கால் மேல் கால் போட்டுக்கொண்டு டி.வி. பார்த்தார். இரண்டாவது வாரம் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார். மூன்றாவது வாரத்திலிருந்து வீடு அவரை விழுங்க வந்தது.

போனில் தினமும் பேசத்தான் செய்கிறாள். போன் ஹாலில் இருக்கும். மருமகன் பக்கத்தில் இருப்பார். வீடியோவில் பாதி நேரம் யாழினியின் நெற்றிதான் தெரியும். "சாப்பிட்டீங்களா?" "ம்." "உடம்பு?" "ம்." அங்கே வைத்துப் புருஷனை ஏச முடியுமா?

வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் கரிசல். ஊர் முடிந்து புஞ்சை தொடங்குகிற இடம் அது. தோட்டம் செண்பகவல்லி உண்டாக்கியது. சாமித்துரை அதில் காலைக்கூட வைத்ததில்லை. அவள் போன மறு கோடையில் முருங்கை தவிர எல்லாம் கருகிவிட்டது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. வீடியோவில் தோட்டத்தைக் காட்டச் சொன்னபோதெல்லாம் முருங்கையை மட்டும் காட்டிவிட்டுப் போனைத் திருப்பிக்கொள்வார்.

இந்த ஆவணியில் ஒரு நாள் செண்பகவல்லி போனில் பேச்சோடு பேச்சாக, "சாப்பிட்டா வயிறு பொருமிக்கிட்டே கெடக்கு. எங்க அய்யா இருந்தா கடலைப் புளிப்பு எடுத்துக் குடுத்திருப்பாவ" என்றாள். அவள் பிறந்தது ஓட்டப்பிடாரம் பக்கம். அங்கே கொண்டைக்கடலை விதைத்தவர்கள், பனிக்காலத்தில் செடி மேல் மெல்லிய வெள்ளைத் துணியை ராத்திரி விரித்து வைப்பார்கள். செடியின் புளிப்பும் பனியும் சேர்ந்து துணியில் ஊறும். வெயில் ஏறும் முன்னால் எடுத்துப் பீங்கானில் பிழிந்தால் கடலைப் புளிப்பு. சுண்டுவிரல் அளவு தண்ணீரில் விட்டுக் குடித்தால் வயிற்றுப் பொருமல் நிற்கும். கடையில் விற்காது, பெங்களூரில் கிடைக்கவே கிடைக்காது.

சாமித்துரைக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் மண்வெட்டியை எடுத்தார்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு பாத்தி கொண்டைக்கடலை விதைத்தார். அவரைக்குப் பந்தல் போட்டார். செவ்வந்தி வைத்தார். டிசம்பர் பூச்செடி நாற்று கேட்டு எதிர் வீட்டு எஸ்தர் டீச்சரிடம் போய் நின்றார். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. அவர் கையிலும் ஏதோ இருந்திருக்கிறது என்று இந்த அறுபத்தொரு வயதில்தான் தெரிந்தது. மார்கழி பிறந்தபோது அவரைக்கொடி ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துத் தொங்கியது. டிசம்பர் பூ வேலியோரம் நீலமாக அப்பிக் கிடந்தது. கடலைச்செடி பனியில் நரைத்து நின்றது. விடியற்காலையில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டீயை வைத்துக்கொண்டு உட்காருவார். தோட்டம் அழகாக இருந்தது. எவ்வளவு அழகாக இருந்ததோ அவ்வளவுக்குத் தனியாகவும் இருந்தது. பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத அழகை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வான்?

கிறிஸ்மஸ் லீவுக்கு எல்லோரும் வருவதாகச் செய்தி வந்தது. இருபத்துநாலாம் தேதி வந்தால் ஜனவரி ஒன்று வரை. எட்டு நாள். சாமித்துரை மனசில் ஒரு திட்டம் போட்டார். இந்தத் தடவை வாயைத் திறந்து, "போகாதே செண்பகம், இங்கேயே இருந்துவிடு" என்று கேட்டுவிட வேண்டும். எப்போது கேட்பது? அவள் முதல் ஏச்சை ஏசிய உடனே. ஏசினால் அவள் தன் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் கேட்டால் மறுக்க மாட்டாள்.

அதற்காக அவர் ஒரு வேலை செய்தார். கேட்டால் சிரிப்பீர்கள். அவரைப் பந்தலை வேண்டுமென்றே ஒரு சாண் தாழ்த்திக் கட்டினார். முருங்கையில் ஒரு கொப்பு காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தது, வெட்டாமல் விட்டார். இரண்டும் செண்பகவல்லியின் கண்ணுக்குத் தப்பாது. மீனுக்குத் தூண்டில் போடுகிறவன் மாதிரி ஏச்சுக்குத் தூண்டில் போட்டுவிட்டு அவர் காத்திருந்தார்.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் கார் வந்தது. எதிர் வீட்டு மாடியில் எஸ்தர் டீச்சர் கட்டியிருந்த நட்சத்திரத்தைப் பார்த்து யாழினி கையைத் தட்டிக்கொண்டே இறங்கினாள். பின்னாலேயே செண்பகவல்லி. கொஞ்சம் இளைத்திருந்தாள், வெளுத்திருந்தாள்.

"நல்லாருக்கீங்களா?" என்றாள்.

முப்பத்தொரு வருஷம் கூட இருந்தவள் கேட்கிற கேள்வியா இது? அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் சக்திகுமார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மாமா, ஒரு சின்ன சேஞ்ச். ஆபீஸ் ஃபிரெண்ட்ஸெல்லாம் சேந்து மூணாறுல ரூம் போட்டுட்டாங்க. இருபத்தாறு காலைல கிளம்பணும். அத்தையும் வந்தாத்தான் பாப்பாவச் சமாளிக்க முடியும்."

எட்டு நாள் இரண்டு ராத்திரியாகச் சுருங்கியது. சாமித்துரை, "அதுக்கென்ன மாப்பிள்ள, போய்ட்டு வாங்க" என்றார். மருமகனிடம் வேறென்ன சொல்ல முடியும்?

சமையலறையில் செண்பகவல்லியின் குரல் கேட்டது. "டம்ளர்லாம் எங்கன வச்சிருக்கீங்க?"

டம்ளர் அவள் வைத்த இடத்தில்தான் இருந்தது. தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி, துடைத்து, ஓரமாகச் சாய்த்து வைத்தாள். விருந்துக்குப் போன வீட்டில்தான் அப்படிச் செய்வார்கள்.

வெயில் தாழ்ந்ததும் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். சாமித்துரை இரண்டு எட்டு தள்ளிப் பின்னாலேயே போனார். செவ்வந்தியைப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். டிசம்பர் பூவில் ஒன்றைக் கிள்ளி யாழினி கையில் கொடுத்தாள். "இதுவும் நல்லாருக்கு." பந்தல் வந்தது. சாமித்துரை ஓர் எட்டு முன்னால் வந்தார். செண்பகவல்லி தலையைக் குனிந்தாள், உள்ளே போனாள், அந்தப் பக்கம் நிமிர்ந்தாள். "காய் நல்லாப் பிடிச்சிருக்கு" என்றாள்.

முருங்கைக் கொப்பை ஏறிட்டுப் பார்த்தாள். தாண்டி நடந்தாள்.

கடலைப் பாத்தியருகே வந்ததும்தான் நின்றாள். இலையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கி விரிந்தது. "எனக்காகவா போட்டீங்க?"

"வயிறு பொருமுதுன்னு சொன்னேல்லா."

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது. ஆனால் ஏச்சு இல்லை.

அன்று ராத்திரி துணி விரிக்க வழியில்லை. சாயங்காலமே மேகம் மூடிக்கொண்டது. மூடம் போட்டால் பனி இறங்காது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ராத்திரி.

கிறிஸ்மஸ் காலை பளிச்சென்று விடிந்தது. எஸ்தர் டீச்சர் கேக்கும் முறுக்கும் கொண்டுவந்து கொடுத்தார். சாமித்துரை செவ்வந்தியில் பெரிதாக ஒரு கை பறித்து அவரிடம் கொடுத்தார். எல்லோரும் நாற்காலி போட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து, இளவெயிலில் கேக் தின்றார்கள். யாழினி தட்டான்பூச்சிக்குப் பின்னால் ஓடினாள். சத்யபிரியா, "அப்பா, நீங்களா இதெல்லாம் வளத்தீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். அந்த ஒரு மணி நேரம் அவர் சந்தோஷமாக இருந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. நான்கு மாதம் வெட்டியதும் கொத்தியதும் இந்த ஒரு மணி நேரத்துக்கே போதும் என்றுகூட நினைத்தார். பிறகு செண்பகவல்லி எழுந்து, துணிகளை மடித்துப் பையில் வைக்க உள்ளே போனாள்.

மத்தியானம் அவர் கடம்பூருக்கு பைக்கில் கிளம்பினார். செண்பகவல்லிக்குக் கடம்பூர் போளி என்றால் உயிர். கடையில் கூட்டம். சுடச்சுட வாங்கிக்கொண்டு திரும்பும்போது மணி ஐந்தரை. பைக்கை நிறுத்திவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

சக்திகுமார் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாழினி தலையோடு கால் நனைந்து குதித்துக்கொண்டிருந்தாள். கடலைப் பாத்தியில் தண்ணீர் தேங்கி நின்றது. செடி ஒவ்வொன்றும் குளித்து எழுந்த மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது.

"பாவம் மாமா, இதுக்கு மட்டும் தண்ணியே விடாம விட்டுட்டீங்க. மண்ணு வெடிச்சுக் கெடந்துச்சு. அடிச்சு விட்டுட்டேன்."

கொண்டைக்கடலை தண்ணீர் கேட்காத பயிர். மழையில் குடித்ததைக் கரிசல் உள்ளே பிடித்து வைத்திருக்கும். மேலுக்கு வேண்டியதைப் பனி கொடுக்கும். இந்தப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி எவனும் அதற்குத் தண்ணீர் காட்ட மாட்டான். இலையில் பூத்திருந்த புளிப்பு அத்தனையும் மண்ணோடு போய்விட்டது. மறுபடி ஊற மூன்று நாளாவது வேண்டும். இருப்பது ஒரு ராத்திரி.

"நல்லது மாப்பிள்ள" என்றார் சாமித்துரை.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. இருட்டும் முன், சோப்புப் போடாமல் அலசிக் காயவைத்திருந்த மெல்லிய மல் துணியை எடுத்துப் பாத்தி மேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார். அப்போதுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. நடந்ததும் நல்லதற்குத்தானோ? காலையில் பிழிவாள், பச்சைத் தண்ணீராக இருக்கும். அப்போது அவள் ஏசாமல் இருக்க முடியுமா? கடலைப் புளிப்பு அவள் அய்யா வீட்டுச் சமாச்சாரம். பந்தலை விட்டாலும் இதை விடமாட்டாள். அவள் ஏசட்டும். ஏசியதும் கேட்டுவிட வேண்டியதுதான்.

இருபத்தாறாம் தேதி வெளுக்கும்போது இருவரும் தோட்டத்தில் நின்றார்கள். மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை. துணி பனியில் கனத்துக் கிடந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, எதிரும் புதிருமாக முறுக்கிப் பீங்கான் ஜாடியில் பிழிந்தார்கள். அவர் கையில் வழிந்ததை அவள் பார்க்காதபோது நக்கிப் பார்த்தார். வெறும் தண்ணீர்.

செண்பகவல்லி உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி உறிஞ்சினாள். சாமித்துரை அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இதோ வரப்போகிறது. 'ஒரு காரியமாவது உருப்படியாச் செஞ்சிருக்கீங்களா' என்று வரப்போகிறது.

"நல்லாப் புளிப்பு இறங்கியிருக்கு" என்றாள் செண்பகவல்லி.

தண்ணீரைச் சிந்தாமல் பாட்டிலில் ஊற்றி, மூடி, முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டாள். அவர் கேட்க வைத்திருந்த வார்த்தை உள்ளேயே கிடந்தது. வேற்று வீட்டுக்காரி மாதிரி பொய் சொல்லிப் பாராட்டுகிறவளிடம் இருந்துவிடு என்று எப்படிக் கேட்பது?

எட்டு மணிக்குக் கார் போய்விட்டது. போளியில் நான்கு மிச்சம் இருந்தது.

அன்றும் மறுநாளும் அவர் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம், கை சும்மா இருக்க முடியாமல், மல் துணியை எடுத்துக்கொண்டு போய் விரித்தார். ராத்திரி வானம் துடைத்து விட்ட மாதிரி இருந்தது. நல்ல பனி. விடிந்ததும் தனியாளாக, ஒரு முனையைப் பந்தக்காலில் சுற்றிக்கொண்டு முறுக்கிப் பிழிந்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். பல் கூசி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படி ஒரு புளிப்பு.

போனை எடுத்தார். மணி ஆறரை. இரண்டு தடவை அடித்தபின் எடுத்தாள். மூணாறு ரூமில் பிள்ளை தூங்குகிறது போலிருக்கிறது. கதவைத் திறந்து வெளியே வருகிற சத்தம் கேட்டது.

"என்ன, இந்நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"புளிப்பு இறங்கிருச்சு செண்பகம்."

அந்தப் பக்கம் கதவை மெல்லச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு இறங்கலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "மாப்பிள்ள குழாயப் பிடிச்சு அடிச்சத சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"பெறவு ஏன் நல்லாப் புளிக்குன்னே?"

"ரெண்டு நாளைக்கு வந்துட்டு உங்கள ஏசிட்டா போவேன்? போன பெறவு தனியா உக்காந்து அதையே நெனச்சுக்கிட்டு இருப்பீங்க."

சாமித்துரைக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்ல முடியாது. "ஏசு செண்பகம்" என்றார். "இப்ப ஏசு."

"இவிய ஒருத்தவிய" என்று அலுத்துக்கொண்டாள் அவள். பிறகு, "நெசமாவா?" என்றாள்.

"ம்."

"அந்தப் பந்தல எவன் கட்டுனது? உசரம் பத்துமா? ஒரு ஆள் நிமிர முடியுதா அதுல?" என்று ஆரம்பித்தாள். சாமித்துரை போனைக் காதில் வைத்தபடி பந்தலுக்குள் போய் நிமிர்ந்தார். தலை இடித்தது. "ஆமா, இடிக்கு" என்றார். "இடிக்கத்தான் செய்யும். செவ்வந்தியப் பஸ்ஸுல ஆளு ஏத்துன மாதிரி நெருக்கி வச்சிருக்கீங்க. வேருக்குக் காத்து வேண்டாமா?" அவர் செவ்வந்திக்கு நடந்தார். "டிசம்பர் பூவக் கொப்பு ஒடிச்சு விடாம வேலியில சாய விட்டுட்டீங்க. அடுத்த வருசம் பூக்குமா அது?" அவர் வேலியோரம் போனார். அவள் குரல் ஏறிக்கொண்டே வந்தது. அந்தப் பழைய குரல். ஈரத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு செடியாக, அவள் சொல்லச் சொல்ல அவர் தோட்டத்தைப் பார்த்தார். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அந்தத் தோட்டத்தில் இரண்டு பேர் நடந்தார்கள்.

அவர் கேட்டுவிட்டார். "இங்கன வந்துரேன் செண்பகம்."

"எப்படி வாரது, நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள் மெதுவாக. "ஜூன்ல சேக்கப்போறாக. சேத்தா மட்டும் ஆச்சா? மத்தியானம் பன்னெண்டுக்கு விட்டுருவாகளாம். யார் போய்க் கூட்டியாருவா?"

உள்ளே யாழினி எழுந்து அழுவது கேட்டது.

"பிள்ள முழிச்சுருச்சு. வைக்கட்டா?"

"முருங்கயச் சொல்லலியே நீ."

"அந்தக் கொப்பா? அதப் பத்திச் சொல்ல நெறைய இருக்கு. நாளைக்குச் சொல்லுதேன்."

போன் அணைந்தது. வெயில் வந்துவிட்டது, பனி ஒவ்வொரு இலையையும் விட்டு விலகிக்கொண்டிருந்தது. ஜாடியில் இருந்த புளிப்பைக் குடிக்க அந்த வீட்டில் யாருக்கும் வயிற்றுப் பொருமல் இல்லை. மூடி, நிழலில் கொண்டுபோய் வைத்தார். பிறகு, கொப்பை வெட்டிவிடலாமென்று முந்தின சாயங்காலம் முருங்கையடியில் சாத்தி வைத்திருந்த அரிவாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். அந்தக் கொப்பு நாளைக் காலை வரைக்காவது மரத்தில் இருக்க வேண்டும்.